உடைந்த ஊசிக்குப் பதிவேடு உண்டு, அணைந்த விளக்குக்கு?

திருப்பூர் வட்டாரத்தின் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் ஒரு தையல் ஊசி உடைந்தால் புது ஊசி உடனே கைக்கு வராது. முதலில் துண்டுகளைத் தேட வேண்டும். கிடைத்தவற்றைச் சேர்த்து வைத்து, ஊசி முழுதாகிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிய பிறகே மாற்று ஊசி. முனை மட்டும் காணாமல் போனால்கூட அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் துணிகள் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். கடல் கடந்து ஏதோ ஒரு குழந்தையின் தோளில் குத்திவிடக் கூடாதே என்பதற்காக, சில ரூபாய் ஊசிக்கு இவ்வளவு விசாரணை.

அதே கம்பெனி வாசலில் இரவு ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் நிற்கிறது, அதன் இடது விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். "பல்பு போயிருச்சுங்க, காலைல மாத்திக்கறேன்" என்பார் டிரைவர். சொன்னபடி மாற்றியும் விடுவார். போன மாதமும் மாற்றினார். எதனால் போகிறது என்று அவரும் கேட்கவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. உடைந்த ஊசிக்கு நடக்கும் விசாரணையில் பத்தில் ஒரு பங்குகூட எரிந்துபோன பல்புக்கு நடப்பதில்லை.

இந்த அலட்சியம் டிரைவரோடு நிற்பதில்லை. ஒற்றைக் கண்ணோடு வரும் வேனை எதிரே வருபவர் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஒதுங்குவார். வேனின் மற்ற பாதி இருட்டில் அவரை நோக்கி வந்துகொண்டிருக்கும். இதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்றும் உண்டு. மங்கிய விளக்கைச் சரிசெய்வதாக நினைத்து, பழுதைத் தேடாமல் பவரைக் கூட்டிக்கொண்டவர்கள். இரவில் எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கு, யாரும் தேடிப் பார்க்காத ஒரு மின்சாரப் பழுதிலிருந்து பிறந்ததுதான்.

திருப்பூரை அடுத்த அவிநாசிக்கு இது வேற்றூர்க் கதை அல்ல. சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 ஊரை உரசிக்கொண்டு போகிறது. கொச்சிக்குப் போகும் ஏற்றுமதிப் பெட்டிகள், கேரளா போகும் பஸ்கள், டையிங்குக்கும் நிட்டிங்குக்கும் துணி சுமக்கும் குட்டியானை வண்டிகள் என்று ராத்திரி முழுக்க ஓட்டம். 2020 பிப்ரவரி 20 விடிகாலையில் பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு பஸ் மீது, எதிர்ப் பாதையில் வந்த கன்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டி வந்து மோதி 19 பேர் இறந்தது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அது விளக்கால் வந்த விபத்து அல்ல. ஆனால் விடிகாலை 3 மணிக்கு இந்தச் சாலை எவ்வளவு பரபரப்பாக இருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு சின்னப் பிசகுக்கு என்ன விலை என்பதை அது காட்டியது.

நெடுஞ்சாலையிலாவது நடுவில் அரளிச் செடி இருக்கிறது. எதிர்த்திசை வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைப்பதும் அந்தச் செடிக்குக் கொடுத்த வேலை. சேவூர் சாலை போன்றவற்றில், ஊருக்கு வெளியே போய்விட்டால் எதிரும் புதிருமாக வரும் வண்டிகளுக்கு நடுவில் வெள்ளைக்கோடுதான் தடுப்பு. அங்கே ஒரு வண்டியின் விளக்கு தவறாக இருந்தால் அதன் பலனை அனுபவிப்பவர் எதிரே டி.வி.எஸ். எக்ஸெல்லில் வீடு திரும்பும் தொழிலாளி. 2022இல் நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. மாலை 6 முதல் 9 மணி வரையிலான மூன்று மணி நேரத்தில்தான் மற்ற எந்த நேரத்தையும்விட அதிகமாக விபத்து நடக்கிறது. பொழுது சாய்ந்து, ஷிப்ட் விட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடும் நேரம் அது.

அந்த நேரத்தில் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலும் கேட்கக்கூடிய வசனம் ஒன்று உண்டு. "அண்ணா, வெளிச்சமே பத்தலீங்க. நல்லா பவரா ஒரு பல்பு போட்டு உடுங்க." கடைக்காரர் 100 வாட் பல்பை எடுத்துக் காட்டுவார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வண்டி வெளிச்சமாகப் போகும். உண்மையான பழுது போனெட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பழுது என்ன? ஹாலஜன் விளக்கு வைத்த கார்களிலும் வேன்களிலும் பரவலாக இருப்பது எச்4 என்ற பல்பு. 1971இல் வந்தது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். பின்னால் மூன்று கால்கள்: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் பியூஸ், ரிலே, ஸ்விட்ச், வயர், ஹோல்டர் என்று கடந்து பல்புக்குள் புகுந்து, எர்த் வழியாக பாடியில் இறங்கி, மறுபடி பேட்டரிக்கே திரும்ப வேண்டும். போகும் வழியைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். திரும்பி வரும் வழியை யாரும் நினைப்பதில்லை.

வழியில் எங்கே ஒரு தடை இருந்தாலும் வோல்டேஜ் அங்கே கரைகிறது. ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் அதைப்போல மூன்று மடங்கு விகிதத்தில் இறங்கும். என்ஜின் ஓடும்போது பல்புக்கு 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12.5 வந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போச்சு. 11.5 வந்தால் 40 சதவீதத்துக்கு மேல் போச்சு. ஒரு வோல்ட்டைத் தின்பதற்குப் பெரிய பழுது வேண்டாம். 55 வாட் பல்பு இழுப்பது நாலரை ஆம்பியர் சொச்சம். கால் ஓம் கூட இல்லாத தடை போதும். மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்த ஒரு ஹோல்டர், பெயின்டுக்கு மேல் முடுக்கிய ஒரு எர்த் போல்ட், எலி கடித்து நாலைந்து இழை மட்டும் மிஞ்சிய ஒரு வயர் என்று எது இருந்தாலும் அவ்வளவு தடை வந்துவிடும்.

இந்த இடத்தில் 100 வாட் பல்பு போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். அது இழுப்பது 8 ஆம்பியருக்கும் மேல். அதே தடையில் இப்போது ஏறத்தாழ இரண்டு வோல்ட் கரையும். அதாவது காசு கொடுத்து வாங்கிய பவரில் கணிசமான பங்கு ரோட்டுக்கு வந்து சேராது. தடை இருக்கும் மூட்டில் கிளம்பும் சூடோ மூன்று மடங்குக்கு மேல் ஏறும், சுமார் 15 வாட். சர்வீஸ் கடையில் ஈயம் பற்றவைக்கும் 25 வாட் அயர்னில் பாதிக்கு மேற்பட்ட சூடு, ஒரு பிளாஸ்டிக் ஹோல்டருக்குள், இரவு முழுக்க. ஹோல்டர் பழுத்து உருகுவதும், ரிஃப்ளெக்டர் கருகுவதும், ஸ்விட்ச் தீய்ந்த வாடை அடிப்பதும் இதனால்தான். அடுத்து பியூஸ் போகும். பத்து ஆம்பியர் சிவப்பு பியூஸ் இருந்த இடத்தில் முப்பது ஆம்பியர் பச்சை பியூஸையோ, செம்புக் கம்பியையோ சொருகும் கை அதற்குத் தயாராக இருக்கும். பியூஸ் செய்யவிருந்த வேலையை இனி வயர் செய்யும். முதலில் எரிவது அதுவாகத்தான் இருக்கும்.

நல்ல எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்பு கேள்வி கேட்பார். இரண்டு விளக்குமே எரியவில்லையா? அப்படியென்றால் இரண்டு பல்பும் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்பு குறைவு, இரண்டுக்கும் பொதுவான ரிலே, ஸ்விட்ச், மெயின் பியூஸ் பக்கம் போவார். ஒன்று மட்டுமா? அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த், அதற்கென்று தனி பியூஸ் இருந்தால் அது. பிரைட் எரிந்து டிம் மட்டும் இல்லையா? இழையோ, டிம் ஸ்விட்சோ. ஆக்சிலேட்டர் கொடுத்தால் பளிச்சென்று ஆகி, நின்றால் மங்குகிறதா? ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். மாதாமாதம் பல்பு போகிறதா? என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, எத்தனை பல்பு மாட்டினாலும் அத்தனையும் சாகும். அந்த வேன் டிரைவர் போன மாதமே இந்த ஒரு அளவை எடுத்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது எர்த் பழுது. டிம் போட்டிருக்கும்போது டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு மினுக்கென்று எரிந்தால் பலர் ஏதோ ஸ்விட்ச் கோளாறு என்று நினைப்பார்கள். நடப்பது வேறு. திரும்பிப் போக எர்த் இல்லாத மின்சாரம், அதே பல்பின் பிரைட் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, நீல விளக்கு வழியாகவும் மறுபக்க பல்பு வழியாகவும் வேறு எர்த்தைத் தேடிக்கொண்டு போகிறது. பாலம் உடைந்த ஊரில் பஸ் சந்து பொந்தெல்லாம் சுற்றிப் போவதைப் போல. இன்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிப்பதும் இந்த வகைதான். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு துண்டு வயரைக் கொண்டுவந்து பல்பின் எர்த் காலில் தொட்டுப் பார்த்தால் போதும். விளக்கு சட்டென்று வெளுத்தால் குற்றவாளி பிடிபட்டான். உப்புத்தாளால் போல்ட்டின் அடியைத் தேய்த்து முடுக்கினால் வேலை முடிந்தது.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களும் ஒரு இடத்தில் ஏமாறுவதுண்டு. ஹோல்டரை பல்பிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால் ஒற்றை இழை மிஞ்சிய வயரிலும் 12 வோல்ட் முழுதாகக் காட்டும், ஏனென்றால் அப்போது மின்சாரம் ஓடவில்லை. சுமை இல்லாத மாடு எந்த மேட்டிலும் ஏறிவிடும். பல்பை எரியவிட்டுக்கொண்டே, பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பல்பின் காலுக்கும் நடுவில் ஒருமுறை, நெகட்டிவுக்கும் எர்த் காலுக்கும் நடுவில் ஒருமுறை அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் பக்கத்தில்தான் கோளாறு. மொத்தம் கால் மணி நேர வேலை.

கால் மணி நேர வேலையை ஏன் யாரும் செய்வதில்லை? எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாமல் இல்லை. வாடிக்கையாளர் அதற்குக் காசு கொடுப்பதில்லை. பெட்டியோடு வரும் பல்புக்குக் கேட்ட விலை கிடைக்கிறது. "எர்த்தைச் சுத்தம் பண்ணினேன், நூத்தம்பது குடுங்க" என்றால், "ஒண்ணுமே மாத்தலியே, இதுக்கு எதுக்குங்க நூத்தம்பது?" என்று பேரம் தொடங்குகிறது. பழுதைத் தேடும் அறிவுக்குக் கூலி இல்லை, பொருளுக்கு மட்டும்தான் விலை என்றால் கடைக்காரர் பொருளைத்தான் விற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் கைதுடைக்கத் தொங்கும் பனியன் வேஸ்ட்டில் ஒரு பங்கு இந்த வட்டாரக் கட்டிங் டேபிளிலிருந்து போனது. ஒரு துண்டுக் கழிவையும் காசாக்கத் தெரிந்த ஊருக்கு, கால் மணி நேர அறிவுக்கு ஒரு விலை வைக்கத் தெரியாதா?

இப்போது 100 வாட் மோகத்தின் இடத்தை எல்.இ.டி. பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்.இ.டி. என்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வரும் கார்களில் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அதற்கென்றே வடிவமைத்தவை. பிரச்சினை, ஹாலஜனுக்குச் செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைத் திணிப்பது. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும். மேலே எகிறும் வெளிச்சத்தை வெட்டுவது அதுதான். இழை இருந்த இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் எல்.இ.டி. சில்லு உட்காராவிட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருபவர் முகத்தில் விழுகிறது. ஓட்டுபவருக்கு முன்னால் பத்தடி தரை வெள்ளையாகத் தெரிவதால் நல்ல விளக்கு என்ற நினைப்பு வேறு. மின்சாரப் பக்கத்திலும் சிக்கல் உண்டு. பல்பு இழுக்கும் ஆம்பியரைக் கணினியே கண்காணிக்கும் புதுக் கார்களில், எல்.இ.டி. குறைவாக இழுப்பதைப் பார்த்து "பல்பு போய்விட்டது" என்று எச்சரிக்கை வரும், அல்லது விளக்கு படபடக்கும். அதை அடக்க இன்னொரு பெட்டி விற்பார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முகப்பு விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், 8 மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்கிறது. அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால் 2019 திருத்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. எழுத்தில் குறை இல்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லை. சரக்கு, வாடகை வண்டிகளாவது முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காகக் காட்டியாக வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு வாங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை அப்படி ஒரு சோதனையே கிடையாது. ஒரு கார் ஒற்றைக் கண்ணோடோ, வானத்தைப் பார்த்த விளக்கோடோ பதினைந்து வருஷம் ஓடினாலும் போலீஸ்காரர் கண்ணில் படாதவரை கேள்வியில்லை.

முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். கூசும் வெளிச்சத்தைக் குறைக்க, வந்த வெளிச்சத்தையே மறைக்கும் வைத்தியம். பழுதைத் தேடாத பழக்கம் அரசாங்கத்துக்கும் உண்டு.

வேறு வழியும் இருக்கிறது. ஜெர்மனியில் 1956 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் ஒர்க்‌ஷாப்புகள் வாகன விளக்குகளை இலவசமாகச் சோதித்துக் கொடுக்கின்றன. சரியாக இருந்தால் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். இருட்டும் குளிரும் தொடங்கும் மாதம் என்பதால் அக்டோபர். நம் ஊரில் அதே காலத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது, அதை ஒட்டியே ஆயுத பூஜையும் வருகிறது. வண்டியைக் கழுவி, ஹெட்லைட் கண்ணாடியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நாள். சந்தனம் வைக்கும் முன்பு அந்த விளக்கைச் சுவரில் அடித்துப் பார்ப்பதையும் ஒரு சடங்காக்கினால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது. பத்து மீட்டர் தள்ளி நிறுத்தினால், டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் அளவு தாழ்ந்து விழ வேண்டும். பின்னால் பெட்டிகள் ஏற்றினால் மூக்கு தூக்கும், அப்போது டேஷ்போர்டில் இருக்கும் 0, 1, 2, 3 என்ற திருகைக் கூடுதல் எண்ணுக்குத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும். அது எதற்கு இருக்கிறது என்று தெரியாமலே காரை விற்றுவிட்டவர்கள் பலர்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவுள்ளதல்ல. பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகள் ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சான்றுக்கு ஏற்கெனவே பெட்ரோல் பங்க் வாசலில் வந்து நிற்கின்றன. புகையை அளக்கும் அதே இடத்தில் விளக்கின் உயரத்தையும் அளக்கும் கருவி ஒன்றை வைத்து, சான்றிதழில் ஒரு வரி சேர்த்தால், 15 ஆண்டு இடைவெளி ஓராண்டாகச் சுருங்கிவிடும்.

பனியன் கம்பெனிகள் அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வெளிநாட்டு பையருக்காகத் தணிக்கைக்குத் தயாராக இருக்கும் அலுவலகங்களில் ஊசிப் பதிவேடு, தீயணைப்புப் பதிவேடு, முதலுதவிப் பெட்டிப் பதிவேடு எல்லாம் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. அதே அலமாரியில் வேன்களுக்கென்று ஒரு நோட்டு சேரட்டும். பல்பு போனால் பழைய பல்பை ஒப்படைத்து, எதனால் போனது என்று எழுதாமல் புதுப் பல்பு கிடையாது என்று ஒரு விதி வைக்கட்டும். எலக்ட்ரீஷியன் தேடிய நேரத்துக்குத் தனியாகக் கூலி போட்டுக் கொடுக்கட்டும். முதல் பக்கத்தில் முதல் வரி இப்படி இருக்கலாம்: தேதி, வண்டி எண், இடது முகப்பு விளக்கு, பல்பு நன்றாக இருக்கிறது, எர்த் போல்ட்டில் துரு, தேய்த்து முடுக்கப்பட்டது, தேடியதற்குக் கூலி 150 ரூபாய்.